சிம்லா ஆபீஸ் சௌக்

புனே சிவாஜிநகரில் 'சிம்லா ஆபீஸ்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்புவார். 'வானிலை ஆய்வுத் துறை' என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார். 1928-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து இங்கே இறங்கி வந்தது. அலுவலகத்தோடு மலையூரின் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. தலைமையகம் 1944-இல் டெல்லிக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. நாலு சாலை கூடும் அந்த இடம் இன்றைக்கும் சிம்லா ஆபீஸ் சௌக்தான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது கடைசியில். தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க் செத்துவிட்டதா, பிம்ஸ்டெக் பிழைக்குமா என்று டெல்லியில் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் நடத்தட்டும். நாடுகள் கூடிக் கட்டுகிற அமைப்புகள் எங்கே நிற்கின்றன, எங்கே சரிகின்றன என்பதை ஒரே ஊரில் சுற்றிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை. அதற்கு இந்தியாவில் புனேயை விட்டால் வேறு ஊர் தோன்றவில்லை. ஐ.நா. அலுவலகங்களோ தூதரகத் தெருவோ கிடையாது. ஆனாலும் நூறு வருடக் கதையின் நாலைந்து துண்டுகள் ஆட்டோ தூரத்தில் கிடக்கின்றன.

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்களில் ஒன்றில் வந்தேன். சோலாப்பூர் தாண்டியதும் நிலம் வெளுத்துவிடுகிறது. ஜூன் பிறந்தும் மேகம் மட்டும்தான், மழையைக் காணோம். சகியாத்ரி மலை மழையில் பெரும்பங்கைத் தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் இந்தப் பக்கம் தள்ளுகிறது. மழை எப்போது வரும் என்று நாட்டுக்கே சொல்கிற ஊர் மழை மறைவுப் பகுதியில் உட்கார்ந்திருப்பது ஒரு வேடிக்கை.

முதலில் எரவாடா பக்கம், நகர் ரோட்டில் இருக்கும் ஆகா கான் மாளிகை. இத்தாலிய பாணி வளைவுகள், அகலமான தாழ்வாரங்கள், பச்சைப் புல்வெளி. 1892-இல் மூன்றாம் ஆகா கான் கட்டியது. பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார் என்பார்கள். இங்கே வருகிற எல்லோரும் காந்திக்காக வருகிறார்கள். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்துக்கு மறுநாள் கைதான காந்தியை இங்கேதான் 1944 மே வரை வைத்திருந்தார்கள். அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் வந்த ஒரு வாரத்தில் இறந்தார். கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22-இல். பின்பக்கத்தில் இருவர் சமாதியும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

நான் தேடிப் போனது வீட்டுக்காரரை. இந்த ஆகா கான்தான் 1937-இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் பேரவைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உலக அமைதிக்கென்று முதல் உலகப் போருக்குப் பின் கட்டிய அமைப்பு. அதில் 1920-இலேயே இந்தியா உறுப்பு நாடு. தன்னைத் தானே ஆளாத நாடு, ஆனால் உலகத்தை ஆளும் சபையில் நாற்காலி உண்டு, சந்தாவும் கட்டியது. அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதை லண்டனும் வைசிராயும் தீர்மானித்தார்கள். இந்தியா அனுப்பிய ஒருவர் பேரவைத் தலைவராக உட்கார்ந்து ஐந்தே வருடத்தில் அவருடைய மாளிகை இந்தியாவின் சிறையாகிவிட்டது. காந்தியின் அறை வாசலில் நிற்கும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். சர்வதேச சங்கம் ஏன் தோற்றது என்பதற்கு மஞ்சூரியா, அபிசீனியா என்று பாடப்புத்தகத்தில் காரணங்கள் உண்டு. எல்லாம் சரி. நாற்காலியில் இருந்தவரை அனுப்பியது யார் என்ற கேள்வியை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

அந்தக் கேள்வியோடு டெக்கன் ஜிம்கானா போனேன். பெர்குசன் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் 1905 ஜூன் 12 அன்று கோகலே 'இந்திய ஊழியர் சங்க'த்தைத் தொடங்கினார். கீழே அதன் வளாகம். 1930-இல் வந்த கோகலே அரசியல் பொருளாதாரப் பள்ளியும் அங்கேயே. மரங்கள் அடர்ந்து, மதிய வெயிலிலும் குளுமையாக இருக்கிறது. கோகலே 1915-இல் இறந்ததும் அந்தச் சங்கத்துக்குத் தலைவரானவர் ஒரு தமிழர். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்துவிட்டு 1907-இல் எல்லாவற்றையும் உதறி இங்கே வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1927 வரை தலைவர். தமிழ்நாட்டில் அவரை அறிந்தவர்கள், காந்திக்கே ஆங்கிலம் திருத்தியவர் என்ற அளவில் அறிவார்கள். 1921-இல் லண்டன் ஏகாதிபத்திய மாநாடு, ஜெனீவா பேரவை, வாஷிங்டன் கடற்படை மாநாடு என்று ஒரே வருடத்துக்குள் மூன்று உலக மேடைகளுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போனவர் அவர் என்பது அநேகமாக மறந்தே போயிற்று.

சாஸ்திரி நல்ல மனிதர், நாவன்மைக்குப் பேர் போனவர். குடியேற்ற நாடுகளில் இந்தியருக்குச் சம உரிமை வேண்டும் என்று லண்டனில் தீர்மானம் நிறைவேற வாதாடினார். தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊரில் காந்தியின் ஒத்துழையாமை உச்சத்தில் இருந்த வருடம் அது. வைசிராய் அனுப்பிய ஆள் எங்களுக்காக எப்படிப் பேசலாம் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். ஆறு வருடம் கழித்து, 1927-இல், கேப்டவுன் ஒப்பந்தம் வந்தது. நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகளின் பிள்ளைகளைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட உடன்பாடு. அவர்களில் பெரும்பகுதி தமிழரும் தெலுங்கரும். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்புவது, இருக்கிறவர்களின் நிலையை உயர்த்துவது என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டன. சாஸ்திரியே இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் போய் அதை அங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. டர்பனில் அவர் பெயரால் கல்லூரி எழுந்தது, நல்ல பள்ளி அது. ஆனால் நேட்டாலிலேயே பிறந்த ஒருவருக்குத் தன்னைத் 'திருப்பி' அனுப்பும் திட்டத்தில் தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைக்காமல் இருக்குமா? இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் குற்றம் கையெழுத்திட்டவரின் நேர்மையில் இருப்பதில்லை. கையெழுத்துக்கு முன்னால் யாரைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது.

சாஸ்திரி 1946 ஏப்ரல் 17-இல் காலமானார். மறுநாள் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கடைசிக் கூட்டம் முடிந்து, சங்கம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. நாவலில் எழுதினால் ஆசிரியர் வேண்டுமென்று செய்கிறார் என்போம்.

குட்லக் கபேயில் பன் மஸ்காவும் இரானி சாயாவும் முடித்துவிட்டு ஔந்துக்குக் கிளம்பினேன். கணேஷ்கிண்ட் சாலை முழுக்க மெட்ரோ வேலை. தூசி, தடுப்பு, ஹாரன். பம்பாய் கவர்னர் மழைக்காலத்தைக் கழிக்கக் கட்டிய மாளிகை இப்போது பல்கலைக்கழகம். அதைத் தாண்டிப் போனால் ஔந்து ராணுவ முகாம். வெளியாள் உள்ளே போக முடியாது. நானும் முயலவில்லை. மதில், முள்கம்பி, மரங்கள், வாயிலில் துப்பாக்கியோடு ஜவான். ஆட்டோவை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டச் சொல்லிப் பார்த்ததோடு சரி.

2018 செப்டம்பரில் இந்த மதிலுக்குள்தான் பிம்ஸ்டெக் நாடுகளின் முதல் கூட்டு ராணுவப் பயிற்சி நடந்தது. வங்காள விரிகுடாவைச் சுற்றியும் அதை அண்டியும் உள்ள ஏழு நாடுகளின் அமைப்பு பிம்ஸ்டெக். 1997-இல் பாங்காக்கில் தொடங்கியது. 2016-இல் உரி தாக்குதலுக்குப் பிறகு இஸ்லாமாபாத் சார்க் மாநாடு நின்றுபோனதிலிருந்து, சார்க்குக்குப் பதில் இதுதான் என்று இந்தியா இதைத் தூக்கிப் பிடிக்கிறது. 2018 ஆகஸ்ட் கடைசியில் காட்மாண்டுவில் உச்சி மாநாடு நடந்தது. அடுத்த மாதம் புனேயில் பயிற்சி என்று அறிவிப்பும் ஆயிற்று. நேபாளத்தில் ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. பிம்ஸ்டெக் பொருளாதார அமைப்புதானே, அதில் ராணுவம் எங்கே வந்தது, யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டீர்கள் என்று. பயிற்சி தொடங்க இரண்டொரு நாள் இருக்கும்போது, படை வராது என்று பிரதமர் ஓலியின் அரசு சொல்லிவிட்டது. அதே மாதம் நேபாளப் படை சீனாவின் செங்டுவில் சீனப் படையோடு பயிற்சி செய்தது.

டெல்லியில் இதைத் துரோகமாகப் பார்த்தார்கள். சீனா இழுக்கிறது, ஓலி சாய்கிறார் என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அமைப்புக்கு அப்போது சாசனமே கிடையாது. இருபத்தோரு வருடம் சாசனமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பு மாநாட்டில் 2022-இல்தான் கையெழுத்திட்டார்கள், 2024 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதி வைக்காத வீட்டில் பெரியண்ணன் ஒரு நாள் லத்தியை எடுத்துவைத்தால் தம்பி வாசலைப் பார்க்கத்தான் செய்வான். 2021 டிசம்பரில் இதே புனேயில் பிம்ஸ்டெக் நாடுகள் மறுபடி கூடின. புயல், வெள்ளம் வந்தால் யார் யாருக்கு எப்படி உதவுவது என்பதற்கான ஒத்திகை. அதற்கு நேபாளம் வந்தது. காட்மாண்டுவில் யாரும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை.

2023-இல் ஜி20 கூட்டங்களுக்காகச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் பூசிக்கொண்ட ஊர் இது. அதைப் பற்றி விசாரித்தேன். ஆட்டோக்காரருக்கு நினைவிருந்ததெல்லாம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டதுதான். அதைத் தாண்டி எனக்கும் சொல்ல எதுவுமில்லை.

ஒருவழியாக சிம்லா ஆபீஸ். கருங்கல் கட்டடம், நடுவில் கோபுரம். போக்குவரத்து இரைச்சல் மதிலோடு நின்றுவிடுகிறது. முன்பக்கத்தில் நின்று பார்க்கலாம். உள்ளே போக முறையாக எழுதிக் கேட்க வேண்டும். இங்கே இருக்கிற பொக்கிஷம் தேசியத் தரவு மையம். நாடெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் பதிவுகள் இங்கே வந்து சேர்கின்றன. நுங்கம்பாக்கத்தில் எந்த நாள் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, பாம்பனில் காற்று எந்தத் திசையில் அடித்தது என்பதெல்லாம் இந்தக் கூரைக்குக் கீழே கணக்காகிக் கிடக்கிறது.

இந்திய வானிலைத் துறை 1875-இல் பிறந்தது. 1864-இல் கல்கத்தாவைப் புயல் அடித்தது. அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தது. துறை பிறந்த மறு வருடமே சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். மழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வி பட்டினிச் சாவிலிருந்து வந்தது. முதல் தலைவர் பிளான்போர்டு இமயமலைப் பனியைப் பார்த்துப் பருவமழையைக் கணிக்கப் பார்த்தார். 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். உலகெங்கும் இருந்து காற்றழுத்தக் கணக்குகளை வரவழைத்து ஒன்றோடொன்று பொருத்தினார். பசிபிக்கின் கிழக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது என்று கண்டார். தெற்கத்திய அலைவு என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது. எல் நினோ என்று இப்போது டீக்கடையில்கூடப் பேசுகிற விஷயத்தின் பாதி அதுதான். தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா என்று எல்லாத் திசையிலிருந்தும் எண்கள் வராமல் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை.

அப்போது இந்தப் பக்கத்து எண்கள் வருவது எளிது. கராச்சி, லாகூர், டாக்கா, ரங்கூன் எல்லாம் ஒரே துறையின் கிளைகள். யாருக்கும் கடிதம் எழுதி வேண்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும். பிராந்திய ஒத்துழைப்பு என்று இன்று நாம் தலைகீழாக நின்று செய்யப் பார்ப்பதைப் பேரரசு தினசரி வேலையாகச் செய்தது. ஏனென்றால் யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. 1947-க்குப் பிறகு அதே எண்கள் எல்லை தாண்ட வேண்டியிருந்தது. உலக வானிலை அமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூதாதையான சர்வதேச அமைப்பு 1873-இலேயே வியன்னாவில் பிறந்துவிட்டது. ஒவ்வொரு நாடும் தன் வெப்பம், காற்று, அழுத்தத்தை அன்றாடம் மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் காலத்திலும் பூமத்திய ரேகைப் பக்கம் உருவான மேகக் கூட்டம் எதற்கும் காத்திருப்பதில்லை அல்லவா?

1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் போலா புயல் அடித்தது. மூன்று லட்சத்துக்குக் குறையாத சாவு. அதன் பிறகுதான் ஐ.நா. பொதுச்சபை கேட்டுக்கொண்டு, வங்காள விரிகுடா, அரபிக்கடல் நாடுகளுக்கென்று வெப்பமண்டலப் புயல் குழு 1972-இல் அமைந்தது. தொடக்க உறுப்பினர்களில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றும் உண்டு. மூவருக்கும் இடையிலான போர் முடிந்த ஈரம்கூடக் காயாத நேரம். இந்தியாவும் பாகிஸ்தானும் தூதரக உறவை மீட்டுக்கொண்டதே 1976-இல்தான்.

இந்தக் குழுவின் வேலை தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். புயலுக்குப் பெயர் வைப்பவர்கள் இவர்கள்தான். 2004-இலிருந்து உறுப்பு நாடுகள் முறை வைத்துப் பெயர் கொடுக்கின்றன. 2016 டிசம்பரில் சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா பாகிஸ்தான் கொடுத்த பெயர். டெல்டாவில் தென்னையை வேரோடு பிடுங்கிய கஜா இலங்கை கொடுத்தது. ஒக்கி வங்கதேசம், நிவர் ஈரான், மிக்ஜாம் மியான்மர், ஃபெஞ்சல் சவூதி. 2025 நவம்பர் கடைசியில் இலங்கையைப் புரட்டிப்போட்ட டிட்வா ஏமன் கொடுத்தது. 2020-இல் புதுப் பட்டியல் வந்தது. பதின்மூன்று நாடுகள், நாட்டுக்குப் பதின்மூன்று பெயர், ஆக 169. எந்த நாட்டையும் மதத்தையும் புண்படுத்தக் கூடாது, எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதிகள் உண்டு. இந்தியா கொடுத்ததில் 'முரசு' என்று ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு மரம் விழுந்ததற்குப் பாகிஸ்தான் பெயர் வைத்தது என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை. சர்வதேச அமைப்பு ஒன்று மக்களிடம் ஏற்புப் பெற்றதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

ஒரு தடவை கோபம் வந்தது. 2013 மே மாதம், இலங்கை பட்டியலில் கொடுத்திருந்த 'மகாசேன்' என்ற பெயர் ஒரு புயலுக்கு விழுந்தது. மகாசேனன் மின்னேரியாக் குளம் வெட்டிய மன்னன். ஊரை வாழவைத்தவன் பெயரை ஊரை அழிப்பதற்கு வைப்பதா என்று இலங்கையிலேயே எதிர்ப்புக் கிளம்பி, 'வியாரு' என்று மாற்றினார்கள். பட்டியல் கொடுத்தது இலங்கை அதிகாரிகள்தான், வேறு யாருமல்ல. அவர்கள் யாரிடமும் கேட்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளை, இங்கே மாற்றுவதற்கு ஒரு வழி இருந்தது, மாற்றினார்கள், வேலை நிற்கவில்லை.

சாயங்காலம் ராஸ்தா பேட்டுக்குப் போனேன். புனேயில் தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கும் பேட்டை. காபிப்பொடி வாசனையை வைத்தே தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் பார்க்க ஒரு நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். கும்பகோணம் பக்கம் சொந்த ஊர். ஊரைவிட்டு வந்து ரொம்ப காலமாயிற்று. தமிழில் நடுவே மராத்தி ஓடுகிறது.

அவரிடம் கேட்கப் போனது தெற்காசியத் தட்பவெப்ப முன்னறிவிப்புக் கூட்டத்தைப் பற்றி. அது முதன்முதலில் 2010 ஏப்ரலில் புனேயில் நடந்தது. ஆப்கானிஸ்தான் முதல் மியான்மர் வரை, மாலத்தீவு உட்பட, இந்தப் பக்கத்து நாடுகளின் வானிலைக்காரர்கள் கூடி, வரப்போகும் தென்மேற்குப் பருவமழை எப்படி இருக்கும் என்று ஒரே அறிக்கையும் ஒரே வரைபடமும் வெளியிடுகிறார்கள். அதன் பிறகு காட்மாண்டு, டாக்கா, கொழும்பு, திம்பு என்று ஊர் ஊராகச் சுற்றி அடிக்கடி புனேக்கே திரும்பி வருகிறது. சார்க் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவே இல்லை. டாக்காவில் 1995-இல் தொடங்கிய சார்க் வானிலை ஆராய்ச்சி மையத்தையும் இருபது வருடத்தில் மூடிவிட்டார்கள். 2017-இல் இந்தியா ஏவிய தெற்காசியச் செயற்கைக்கோளில் பாகிஸ்தான் சேரவில்லை. இந்தக் கூட்டம் மட்டும் வருடம் தவறாமல் நடக்கிறது. கோவிட் காலத்தில் கணினித் திரையில் நடத்தினார்கள்.

"உள்ளே என்ன சார் நடக்கும்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொருத்தரும் அவங்க நாட்டுக் கணிப்போட வருவாங்க தம்பி. பெரிய மாடல்காரங்க வெளிநாட்டுல இருந்து அவங்க மேப் அனுப்புவாங்க. எல்லாத்தையும் சுவத்துல போட்டுப் பார்ப்போம். நார்மல், கூட, குறைச்சல்னு மூணு கட்டம். எதுக்கு எத்தனை சதவீதம்னு பேசணும். ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது."

"ஒருத்தர் ஒத்துக்கலேன்னா?"

"வாக்கியத்தை மாத்துவோம். மறுபடி ஒத்துக்கலேன்னா மறுபடி மாத்துவோம். டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவை மாத்துவோம்." சிரித்தார். "சண்டை எல்லாம் எல் நினோ பத்தித்தான். எல்லைக் கோடு பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க."

அந்த அறிக்கையின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். நாட்டளவில் விவரம் வேண்டுமானால் அந்தந்த நாட்டு வானிலைத் துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. முதல் பார்வைக்கு இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வரி. எனக்கு அதுதான் அந்த ஏற்பாட்டின் அச்சாணி என்று படுகிறது. புயலிலும் அப்படித்தான். டெல்லியில் உள்ள பிராந்திய மையம் ஆலோசனை மட்டும் அனுப்பும். தன் மக்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும் உரிமை அந்தந்த நாட்டுக்குத்தான். டெல்லி சொல்லி டாக்காவில் கொடி ஏறுவதில்லை. யாருடைய அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளாததால் யாரும் எதிர்ப்பதில்லை. ஔந்தில் இல்லாதது இதுதான்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. யாருக்கும் கட்டளையிடாத அமைப்பு யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். 2015 அக்டோபரில் இந்தக் கூட்டம் சென்னையில் நடந்தது, வடகிழக்குப் பருவமழைக்காக. எல் நினோ வருடம், தெற்கே மழை கூடவே இருக்கும் என்ற பேச்சு அப்போதே இருந்தது. டிசம்பர் 1 இரவு அடையாறு வீடுகளுக்குள் வந்தது. பருவம் முழுவதற்குமான கணிப்பை வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் மதகை எந்த மணிக்குத் திறப்பது என்று முடிவு செய்ய முடியாது, நியாயம்தான். ஆனால் அந்தக் கணிப்பு எந்த மேஜை வரை போய் நின்றது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர்கள் பல நாள் பயணமாக ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை ஒலித்தது, அவர்களுக்குக் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராகச் சாவு. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகளைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

பெரியவரிடம் இதைக் கேட்டேன். கூட்டத்தோடு சேர்த்து, தகவலைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று தனியாக ஓர் அமர்வும் நடத்துகிறார்கள். நீர்ப்பாசனம், விவசாயம், சுகாதாரம் என்று துறை அதிகாரிகள் வருவார்களாம்.

"மீனவர் யாராவது வந்து பார்த்திருக்கீங்களா சார்?"

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அதிகாரிங்க வருவாங்க. மீன்துறை ஆளுங்ககூட வந்திருக்கலாம். மீனவர் வந்து நான் பார்க்கல."

"வந்தா என்ன கேப்பாங்க?"

"மழை எப்படின்னு கேக்க மாட்டாங்க, அதுல அவங்க நமக்கே சொல்லிக் கொடுப்பாங்க. நீ போடுற அறிக்கை என் படகுக்கு எப்படி வரும்னு கேப்பாங்க. ராமேஸ்வரத்துல இருந்து ஒருத்தரும் மன்னாரில் இருந்து ஒருத்தரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துகிட்டுக் கேட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்குப் பதில் சொல்ற ஆளு அந்த ரூமுக்கே வர மாட்டாரு தம்பி. அவரு வேற இலாகா."